பந்தயத் தடத்துக்கான என்ஜின்: சுசுகியின் 1.3 லிட்டர் என்ஜினை வலுப்படுத்தும் முறை

சாலையில் ஓடும் காரின் என்ஜின் தன் முழுத் திறனைக் காட்டும் நேரம் மிகக் குறைவு. நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும்போது சில விநாடிகள் அது உச்சத்துக்குப் போகும். மற்ற நேரமெல்லாம் கால்வாசி உழைப்புதான். அதே காரை ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கோ கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ கொண்டுபோனால் நிலைமை தலைகீழ். ஆக்சிலரேட்டர் பெரும்பாலும் முழுதாக அழுந்தியிருக்கும், என்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுழற்சிக்குக் கீழே இறங்காது, வளைவுகளில் என்ஜினின் அடித்தொட்டியான சம்பிலிருக்கும் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். தடத்தில் என்ஜின் உடைவது திறன் போதாததால் அல்ல. எண்ணெய், வெப்பம், போல்ட் இவற்றில் ஒன்று கைவிடுவதால்தான். ஆகவே இந்த வழிகாட்டி முதலில் தாக்குப்பிடிக்கும் வலுவைப் பற்றியும் அதன் பிறகே குதிரைத்திறனைப் பற்றியும் பேசும்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது மாருதி எஸ்டீமிலும், ஜிப்ஸியிலும், 2005இல் இந்தியாவுக்கு வந்த முதல் ஸ்விஃப்டிலும் இருந்த சுசுகியின் 1,298 சிசி பெட்ரோல் என்ஜின். சிலிண்டர் விட்டம் 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ., அலுமினிய பிளாக், அதை மேலே மூடும் அலுமினிய ஹெட், வால்வுகளைத் திறந்து மூட, பெல்ட்டில் ஓடும் கேம். எடை குறைவு, உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும், இதைப் பிரித்துப் பழகாத மெக்கானிக் தமிழ்நாட்டில் அரிது. முதன்முதலாகத் தடத்துக்கு என்ஜின் கட்டுபவருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் சொல்லமாட்டேன்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்

முதலில் விதிப்புத்தகம். எந்தப் பிரிவில் ஓட்டப்போகிறீர்களோ அந்தப் பிரிவுக்கு இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு வெளியிடும் தொழில்நுட்ப விதிகளை வரி விடாமல் படியுங்கள். ஒரே வகைக் கார்கள் மோதும் பந்தயங்களில் என்ஜினைத் தொடவே அனுமதி இருக்காது. வேறு சில பிரிவுகளில் பிஸ்டனை மாற்றலாம், கேமை மாற்றக் கூடாது என்று இருக்கும். கேமுக்குப் பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது வீண்செலவு. இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பை மாற்றிப் பொதுச்சாலையில் ஓட்டுவதைத் தடைசெய்கிறது. இங்கே சொல்லப்படும் என்ஜின் தடத்துக்கு மட்டுமே உரியது; காரை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது இலக்கு. குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கிக் கிடைப்பது. கிலோவாட் கணக்கில், நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் (நிமிடச் சுழற்சி) பெருக்கி 9,549ஆல் வகுக்க வேண்டும். இந்த என்ஜின் நடுத்தர வேகத்தில் 110 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்குவிசை தரும். அதே விசையை 7,000 சுழற்சி வரை விடாமல் பிடித்து வைத்தால் ஏறத்தாழ 80 கிலோவாட், அதாவது 110 குதிரைத்திறன் கிடைக்கும். டர்போ இல்லாத 1.3 லிட்டர் என்ஜினில் முறுக்குவிசையை அதிகம் கூட்ட முடியாது. அதை உயர்ந்த சுழற்சியிலும் விழாமல் காப்பதுதான் முழு வேலையும். கேம், ஹெட்டில் காற்று போகும் பாதையான போர்ட், எக்ஸாஸ்ட் எல்லாம் இந்த ஒரு நோக்கத்துக்குத்தான். 7,500இல் சுழற்சியை வெட்டுவது என்று தீர்மானித்துக்கொள்வோம். கீழே வரும் கணக்கெல்லாம் அதற்கேற்ப.

டர்போ பொருத்தலாமே என்று பலரும் கேட்பார்கள். முதல் என்ஜினுக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வெப்பம், எரிபொருள், எண்ணெய் மூன்றையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்ட பிறகு அதற்குப் போகலாம்.

இருப்பதை அளந்து பாருங்கள்

பிரிப்பதற்கு முன் கசிவுச் சோதனை செய்யுங்கள். வால்வுகள் மூடியிருக்க, பிஸ்டன் மேல்முனையில் நிற்கும்போது ஸ்பார்க் பிளக் துளை வழியாக 100 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி எவ்வளவு நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் ஆரோக்கியமான என்ஜின். அதற்கு மேல் போனால் காதைக் கொடுத்துக் கேளுங்கள்: சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் ஊற்றும் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல்.

பிரித்த பிறகு கிராங்கையும், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளையும் காந்தத்துகள் சோதனைக்கு அனுப்புங்கள். அலுமினியத்தில் காந்தம் பயன்படாது என்பதால் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் சாயம் ஊடுருவும் சோதனை. கோவையில் பம்பு, வார்ப்புத் தொழில்களை நம்பி வளர்ந்த பட்டறைகள் நிறைய இருப்பதால் இத்தகைய சோதனை செய்பவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இருபது வருடம் ஓடிய என்ஜினில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருப்பது சாதாரணம். அதைக் கண்டுபிடிக்காமல் மேற்கொண்டு செய்யும் எந்தச் செலவும் மணலில் கட்டிய வீடு.

கீழ்ப்பகுதி: கிராங்க், ராட், பிஸ்டன்

பணத்தை எங்கே முதலில் போடுவது என்று கேட்டால், நான் கைகாட்டுவது கனெக்டிங் ராடின் போல்ட்டை. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்முனை எல்லாம் சேர்ந்து 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 6,000 சுழற்சியில், மேல்முனையில் பிஸ்டனை நிறுத்தித் திருப்பி இழுக்கத் தேவைப்படும் விசை ஏறத்தாழ 790 கிலோ எடைக்குச் சமம். 7,500இல் அதுவே 1,230 கிலோவைத் தொடுகிறது. சுழற்சி கூடியது 25 சதவீதம். விசை கூடியதோ 56 சதவீதம், ஏனென்றால் விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. எரிப்பு நடக்கும்போது வாயு அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளி இந்த இழுவையைச் சற்றுக் குறைக்கும். எக்ஸாஸ்ட் முடியும் தறுவாயில் அந்த உதவியும் இல்லை. முழு இழுவையும் இரண்டு போல்ட்டுகளின் மேல்தான். இது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 62 முறைக்கு மேல் நடக்கிறது. ராட் முறிந்து பிளாக்கைத் துளைத்து வெளியே வந்த என்ஜின்களைப் பாருங்கள், பலவற்றில் முதலில் தளர்ந்தது ஒரு போல்ட்டாகவே இருக்கும்.

ஆகவே பழைய போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். உயர்வலிமை எஃகுப் போல்ட்டுகளை வாங்கி, முறுக்குவிசையைக் காட்டும் டார்க் ரெஞ்சை மட்டும் நம்பாமல் நீட்சியை அளந்து இறுக்குங்கள். போல்ட் என்பது மிகக் கடினமான ஒரு ஸ்பிரிங். சரியான அளவு நீண்டால்தான் சரியாகப் பிடிக்கும். நீட்சி அளவியை இரு முனையிலும் வைத்து, இறுக்குவதற்கு முன்பும் பின்பும் உள்ள நீளத்தைக் குறிக்க வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் நீட்சி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். மரையில் எந்த எண்ணெய் தடவினீர்கள் என்பதைப் பொறுத்தே டார்க் அளவு மாறிவிடும், நீட்சி மாறாது. எட்டுப் போல்ட்டுகளின் அளவையும் நோட்டில் எழுதி வையுங்கள். சீசன் முடிந்து பிரிக்கும்போது ஏதாவது ஒரு போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் இருந்தால், அது குப்பைக்கு.

விதி அனுமதித்தால், பட்ஜெட்டும் இடம் கொடுத்தால், ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்து உருவாக்கிய) ராட். இல்லையென்றால் கம்பெனி ராடையே பக்கவாட்டு வரிகளைத் தேய்த்துச் சமன்செய்து, ஷாட் பீனிங் (சிறு குண்டுகளால் மேற்பரப்பை அடித்து வலுவூட்டுவது) கொடுத்து, புதுப் போல்ட்டுடன் பெரிய முனையை மறுபடி வட்டமாக ஹோனிங் (கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது) செய்து பயன்படுத்தலாம். 7,500 வரை இது போதும் என்றே சொல்வேன். போல்ட் மாற்றினால் பெரிய முனையின் வட்டம் மாறும் என்பதால் அந்த ஹோனிங்கைத் தவிர்க்க முடியாது. நான்கு ராடுகளின் எடையும் நான்கு பிஸ்டன்களின் எடையும் தனித்தனியே ஒரு கிராமுக்குள் ஒத்திருக்க வேண்டும். ராடை மேல்முனை, கீழ்முனை என்று பிரித்து எடைபோடுங்கள். மொத்த எடை மட்டும் ஒத்தால் போதாது. பிறகு கிராங்க், ஃப்ளைவீல், முன்புறப் புல்லி, கிளட்ச் கவர் எல்லாவற்றையும் சேர்த்துச் சமநிலைப்படுத்தக் கொடுங்கள்.

சிலிண்டரை 0.5 மி.மீ. பெரிதாக்கினால் கொள்ளளவு 1,316 சிசி ஆகும். வெறும் 18 சிசி லாபம். போரிங் செய்வது கொள்ளளவுக்காக அல்ல, நேரான, வட்டமான சுவர் கிடைப்பதற்காக. ஹோனிங்கின்போது பிளாக்கின் மேல் தடித்த டார்க் பிளேட்டை ஹெட் போல்ட் கொண்டு இறுக்கியே செய்யச் சொல்லுங்கள். ஹெட்டை இறுக்கும்போது அலுமினிய பிளாக் நெளியும். அந்த நெளிவு இருக்கும் நிலையிலேயே சிலிண்டர் வட்டமாக இருக்க வேண்டும். பட்டறைக்காரர் தேவையில்லை என்று சொன்னால் வேறு பட்டறை பாருங்கள்.

ஃபோர்ஜ்டு பிஸ்டன் வார்ப்புப் பிஸ்டனைவிட அதிகம் விரியும். சுவர் இடைவெளிக்குப் பிஸ்டன் பெட்டியில் வரும் தாள் சொல்வதே வேதவாக்கு. ரிங் முனை இடைவெளிக்கு ஒரு பொது அளவு உண்டு: டர்போ இல்லாத தட என்ஜினில் சிலிண்டர் விட்டத்தின் 0.004 மடங்கு. 74.5 மி.மீ. விட்டத்துக்கு அது 0.30 மி.மீ.; இரண்டாவது ரிங்குக்குச் சற்று அதிகம். இடைவெளி கூடினால் கொஞ்சம் திறன் போகும். குறைந்தாலோ சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனின் மேல்விளிம்பையே பெயர்த்துவிடும். சந்தேகம் வந்தால் கூடுதல் பக்கமே சாயுங்கள்.

பேரிங் இடைவெளி, பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதியான ஜர்னலின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய, நம்பகமான விதி. 45 மி.மீ. ஜர்னலுக்கு 0.045 மி.மீ. இதைப் பிளாஸ்டிக் இழை வைத்து நசுக்கிப் பார்ப்பது கடைசிச் சரிபார்ப்புக்குச் சரி. முதல் அளவை மைக்ரோமீட்டரும் போர் கேஜும் கொண்டு எடுங்கள். பேரிங் பொருத்தி, போல்ட்டை முழுதாக இறுக்கிய நிலையில்.

எண்ணெய்

நீண்ட வேகமான வலது வளைவில் கார் திரும்பும்போது சம்பிலுள்ள எண்ணெய் இடப்பக்கச் சுவரில் ஏறும். உறிஞ்சுகுழாயின் வாய் இரண்டு விநாடி காற்றை இழுத்தால் போதும். 7,000 சுழற்சியில் அந்த இரண்டு விநாடியில் கிராங்க் 230 சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் அவ்வளவு நேரம் தாங்காது.

சம்பைக் கழற்றி, உறிஞ்சுகுழாயைச் சுற்றி ஒரு பெட்டி போலத் தகடுகளை வெல்டிங் செய்யுங்கள். அந்தத் தகடுகளில் உள்ளே மட்டும் திறக்கும் சிறு கதவுகள் வேண்டும்; எண்ணெய் உள்ளே வரும், வெளியே போகாது. மேலே கிராங்குக்கும் எண்ணெய்க்கும் இடையே ஒரு தட்டு. உறிஞ்சுகுழாய்க்கும் சம்பின் அடிக்கும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள், களிமண் உருண்டையை வைத்து நசுக்கி அளக்கலாம். உறிஞ்சுகுழாயின் பிடிமானத்தில் கூடுதலாக ஒரு வெல்டிங் போடுங்கள், அதிர்வில் விரியும் இடம் அது. எண்ணெய் பம்ப் கிராங்கின் முனையிலேயே பொருந்திச் சுழல்கிறது. பழைய பம்பைச் சுத்தம்செய்து போடும் எண்ணமே வேண்டாம், புதிது வாங்குங்கள்.

ஆயிரம் சுழற்சிக்குப் பத்து பிஎஸ்ஐ அழுத்தம் என்ற கணக்கில், சூடான எண்ணெயில், 7,000இல் 70 பிஎஸ்ஐ அருகே இருக்கட்டும். எண்ணெய் வெப்பம் 100 முதல் 120 டிகிரி வரை நல்லது. 130ஐத் தாண்டினால் காரை உள்ளே கொண்டுவாருங்கள். சென்னை வெயிலில் ஆயில் கூலர் இல்லாமல் இந்த எல்லைக்குள் நிற்பது கடினம். தெர்மோஸ்டாட் உள்ள இணைப்புத் தட்டோடு பொருத்தினால் காலைக் குளிரில் எண்ணெய் சூடேறாமல் நிற்கும் தொல்லையும் இல்லை. அழுத்த அளவியைவிட முக்கியம் 20 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் எரியும் பெரிய சிவப்பு விளக்கு. வளைவுக்கு நடுவே யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை.

ஹெட், கேம், அழுத்த விகிதம்

போர்ட்டைப் பெரிதாகக் குடைந்தால் அதிகக் காற்று வரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பெரும்பாலும் இது கெடுதலில் முடியும். குழாய் பெரிதானால் காற்றின் வேகம் குறையும். கீழ்ச் சுழற்சியில் என்ஜின் திணறும். வால்வுக்கு மேலே இருக்கும் கிண்ணப் பகுதியும், காற்று கூர்மையாகத் திரும்பும் உள்வளைவும்தான் தடை செய்யும் இடங்கள். அவற்றை மட்டும் மெல்ல உருட்டுங்கள். கேஸ்கட் விளிம்பில் படி இருந்தால் சமன்செய்யுங்கள். இன்டேக் போர்ட்டைக் கண்ணாடி போலப் பளபளப்பாக்கத் தேவையில்லை. வால்வு இருக்கையில் 30, 45, 60 டிகிரி என்று மூன்று கோணங்கள். இருக்கையின் அகலம் இன்டேக்கில் 1 மி.மீ., வெப்பத்தை ஹெட்டுக்குக் கடத்த வேண்டிய எக்ஸாஸ்டில் 1.5 மி.மீ. இந்த மூன்று கோண வேலை தரும் பலன், அதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் வேறெதிலும் கிடைக்காது.

கேம் மாற்றினால் வால்வு ஸ்பிரிங்கும் மாற வேண்டும். பழைய ஸ்பிரிங் 7,000இல் வால்வைக் கேமோடு ஒட்டி வைக்காது. வால்வு முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் குறைந்தது 1 மி.மீ. மிச்சம் இருக்கட்டும். பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, ஹெட்டைப் பொருத்தி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிரித்துப் பாருங்கள்: களிமண்ணில் வால்வு பதிந்த இடத்தின் தடிமன் இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. குறையக் கூடாது. சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு நீளும், அதோடு பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு வரும். கேம் நேரத்தை டிகிரி தட்டு வைத்துச் சரிபாருங்கள். ஹெட்டையோ பிளாக்கையோ தேய்த்திருந்தால் பெல்ட்டின் தூரம் குறைந்து நேரம் தள்ளிப்போயிருக்கும். நகர்த்தக்கூடிய கேம் புல்லி அதற்காகத்தான்.

பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதைச் சொல்லும் அழுத்த விகிதத்தை ஊகத்தில் விடாதீர்கள். 74.5 மி.மீ. விட்டத்தில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 329.1 சிசி. 10.5:1 வேண்டுமென்றால் பிஸ்டன் மேல்முனையில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 34.6 சிசி இருக்க வேண்டும். அதில் 1 சிசி குறைந்தால் விகிதம் 10.8ஐ நெருங்கிவிடும். கண்ணாடித் தகட்டை எரியறை மேல் கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டில் திரவம் விட்டு நான்கு அறைகளையும் அளந்து, அரை சிசிக்குள் ஒத்துப்போகச் செய்யுங்கள்.

குளிரூட்டல் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்: தடித்த ரேடியேட்டர், அதைச் சுற்றிக் காற்று நழுவாத தகடு, 1.1 பார் மூடி, துருத்தடுப்பான் கலந்த சுத்தமான நீர். வழக்கமான கூலன்ட்டில் இருக்கும் கிளைகால் தடத்தில் சிந்தினால் வழுக்கும் என்பதால் பல இடங்களில் அதற்கு அனுமதியே இல்லை. இன்டேக், இளஞ்சூடாகக்கூட இல்லாத, வெளிக்காற்றை இழுக்கட்டும். காற்று 25 டிகிரியிலிருந்து 38க்கு ஏறினால் அடர்த்தி நான்கு சதவீதம் போய்விடும். எக்ஸாஸ்டுக்கு, நான்கு குழாய் இரண்டாகிப் பிறகு ஒன்றாகும் 4-2-1 மேனிஃபோல்டு, ஏனென்றால் வளைவிலிருந்து வெளிவரும் நடுச்சுழற்சியில் அது உதவும். ஃப்ளைவீலை வார்ப்பிரும்பில் கடைந்து எடை குறைக்காதீர்கள், பில்லெட் எஃகில் (முழுக் கட்டியிலிருந்து கடைந்தது) செய்ததை வாங்குங்கள். உயர்சுழற்சியில் வெடிக்கும் வார்ப்பிரும்பு உங்கள் காலருகில்தான் இருக்கும்.

பொருத்துதல்

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கைச் சோப்பும் சுடுநீரும் கொண்டு, எண்ணெய்த் துளைகளைத் தூரிகையால் துடைத்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் ஹோனிங் கல்லின் துகள் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். பல அடுக்கு எஃகு கேஸ்கட், புது ஹெட் போல்ட், புது டைமிங் பெல்ட். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. கோடு இல்லாத போல்ட் இன்னும் இறுக்கப்படாதது என்று பொருள். இடையில் தொலைபேசி வந்தாலும் குழப்பம் வராது.

மின்னணுவும் எரிபொருளும்

நிரல் மாற்றக்கூடிய ஈசியு (என்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி), அகலப்பட்டை லாம்டா சென்சார், கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங்கைக் கேட்க ஒரு ஹெட்போன் கருவி. லாம்டா என்பது, உள்ள காற்று-எரிபொருள் விகிதத்தை முழு எரிப்புக்கான விகிதத்தால் வகுத்த எண்; 1க்குக் கீழே என்றால் எரிபொருள் கூடுதல். முழு ஆக்சிலரேட்டரில் லாம்டா 0.86 முதல் 0.90 வரை பாதுகாப்பானது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: தூய பெட்ரோலுக்கு 14.7 என்ற காற்று-எரிபொருள் விகிதம், பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலவைக்கு ஏறத்தாழ 13.5. பழைய அட்டவணைகளை அப்படியே போட்டால் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். லாம்டா கணக்கில் வேலை செய்தால் இந்தத் தொல்லை இல்லை. எத்தனாலை ஏற்காத பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களை மாற்றிவிடுங்கள். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 போன்ற உயர் ஆக்டேன் எரிபொருள் 2020 முதல் சில நகரங்களில் கிடைக்கிறது. எதைத் தேர்ந்தாலும், என்ஜினின் திறனை அளக்கும் டைனோவில் எந்த எரிபொருளில் சீரமைத்தீர்களோ, பந்தயத்திலும் அதுவே இருக்கட்டும்.

பற்றவைப்பு நேரத்தை இரண்டு டிகிரியாக முன்னே நகர்த்துங்கள். முறுக்குவிசை ஏறுவது நின்றதும் நிறுத்தி, இரண்டு டிகிரி பின்னே வாருங்கள். டைனோவில் தெரியும் கடைசி ஒரு குதிரைத்திறனுக்காக அந்த இரண்டு டிகிரியை விட்டுக்கொடுக்காதீர்கள். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் சென்னையைவிட நான்கைந்து சதவீதம் குறைவு. கோவையில் டைனோ செய்த என்ஜின் சென்னையில் கூடுதல் காற்றைக் குடிக்கும். காற்றழுத்தத் திருத்தம் ஈசியுவில் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டே இருங்காட்டுக்கோட்டைக்கு வண்டியை ஏற்றுங்கள்.

முதல் ஓட்டம்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஸ்டார்ட்டரில் சுற்றி, எண்ணெய் அழுத்தம் வந்த பிறகே பற்றவையுங்கள். தொடக்கத்துக்கு சிந்தெடிக் அல்லாத மினரல் எண்ணெய். ரிங்குகள் சுவரோடு பொருந்துவதற்கு அழுத்தம் தேவை, அதனால் சும்மா ஓடவிட்டு நேரம் கடத்தாதீர்கள். டைனோவில் நடுத்தரச் சுமையில் ஏற்றி இறக்கி, எண்ணெயை வடித்து, ஃபில்டரை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். மிக மெல்லிய வெள்ளிப் பொடி புது என்ஜினில் இயல்பு. செம்பு நிறமோ, நகத்தில் உணரும் துண்டோ இருந்தால் சம்பைக் கழற்றாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

தடத்தில் முதல் நாள் ஐந்து சுற்று ஓட்டி உள்ளே வாருங்கள். மஞ்சள் கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா, எண்ணெய் எங்காவது வியர்க்கிறதா, பிளக்கின் பீங்கான் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள்; பீங்கானில் மினுக்கும் அலுமினியப் புள்ளிகள் நாக்கிங்கின் முதல் அடையாளம். கருவியில் பதிவான எண்ணெய் அழுத்தக் கோட்டை, கார் வளைவுகளில் திரும்பிய நேரங்களைக் காட்டும் கோட்டோடு வைத்து ஒப்பிடுங்கள். வளைவுகளில் அழுத்தம் சரிந்தால் சம்ப் தகடுகளைத் திருத்தும்வரை 7,500 வேண்டாம். ஒவ்வொரு பந்தய வாரத்துக்கும் எண்ணெய், ஃபில்டர். சீசனுக்கு ஒருமுறை ராட் பேரிங், ராட் போல்ட், டைமிங் பெல்ட். கழற்றிய பேரிங்குகளைச் சிலிண்டர் எண் எழுதிய உறைகளில் போட்டு வையுங்கள். அடுத்த சீசனில் இடைவெளியைக் கூட்டுவதா, எண்ணெயை மாற்றுவதா என்பதை அவற்றின் தேய்மானமே சொல்லும்.